தகரக் கூரைக்கு ஏற்ற ஆம்ப்

லூனாஸ், பீடோங் பக்கத்துத் தோட்ட மண்டபங்களில் வாசிக்க அக்கூஸ்டிக் கிட்டார் ஆம்ப் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட் என்றுதான். வாட் இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும் இடத்தில் பெரிய தொல்லை ஊளைச் சத்தம். கிட்டாரின் மரக்கூடு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் தானாகவே அதிரக்கூடியது. ஆம்பின் ஒலி அந்த அதிர்வைத் தூண்ட, பிக்கப் அதை மீண்டும் ஆம்புக்கே அனுப்ப, ஊளை வளர்கிறது. எனவே காசைப் போட வேண்டியது அதை அடக்கும் வசதிக்கு. ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினியில் 60 வாட், ஊளையைக் குறைக்க ஃபேஸ் சுவிட்ச், பாடுகிறவரின் மைக்குக்கும் சேர்த்து இரண்டு சேனல். ரோலண்ட் ஏசி-33 வெறும் 30 வாட். ஆனால் ஊளைத் தடுப்பு உண்டு, எட்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும். கோயில் திடலில் ஒயர் இழுக்கிற வேலை மிச்சம்!

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் மலிவாகக் கிடைக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் பெரும்பாலும் ட்வீட்டர் இருக்காது. கம்பியின் மினுமினுப்பு மங்கிப்போகும். கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ கல்யாண மண்டபக் கூட்டத்துக்கு 60 வாட் எடுபடாது என்ற வாதம் இன்னும் வலுவானது. அங்கே ஆம்பின் லைன் அவுட்டை மண்டபத்து ஒலிபெருக்கியில் செருகிவிடலாம். அப்போது வாசிப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்ன ஆம்ப் ஒலித்தாலே போதும்.