அழைப்பு வருமுன்

மயிலாடுதுறையில் நண்பர் சிலர் மாதமொருமுறை கூடி ஒரு நூலை எடுத்துப் பேசுவது வழக்கம். அண்மையில் அப்துல் கலாமின் தன்வரலாறான 'அக்கினிச் சிறகுகள்' பேச்சுக்கு வந்தது. அங்கே பின் வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், விமானப் படைத் தேர்வுக் குழுவின் முன் ஐந்து நாள் நின்று தேறியவர். மருத்துவச் சோதனையும் முடிந்துவிட்டது. பயிற்சிக்கு வரச் சொல்லும் கடிதம் ஒன்றே பாக்கி. எல்லாரும் பாராட்டிப் பேசி முடித்தபின் அவர் எழுந்து, "டேராடூனில் ஒன்பதாவதாக வந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆகாமலிருந்தால், இந்தப் பக்கத்தை யார் படித்திருப்பார்கள், ஐயா?" என்று கேட்டார். கூட்டம் சற்றே சிரித்தது. நமக்கோ அன்றிரவு அந்த நூலை மீண்டும் கையிலெடுக்க வேண்டியதாயிற்று.

அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் எழுதப்பெற்று 1999இல் வெளிவந்த நூல் அது. மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழ்நாட்டின் சிற்றூர் நூலகங்கள் வரை சென்று சேர்ந்தது. இராமேசுவரத்துக் கடற்கரையில் நாரைகளும் கடற்பறவைகளும் பறப்பதைப் பார்த்து நின்ற சிறுவன், திருச்சி தூய வளனார் கல்லூரி விடுதியில் மாணவனாகிறான். விடுதிக் காப்பாளரான அருட்தந்தை செக்கேரா ஒவ்வோர் இரவும் விவிலியத்தைக் கையிலேந்தி ஒவ்வொரு மாணவரையும் பார்க்க வருவதும், தீபாவளியன்று அவர் ஏற்பாட்டில் அறைதோறும் நல்லெண்ணெய் வழங்கப்படுவதும் நூலின் இனிய பகுதிகள். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி. சேர்வதற்கான பணத்துக்குத் தமக்கை சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கிறார். அக்கல்லூரி வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் மாணவர் பார்வைக்காக நிறுத்தப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போனபின்னும் கலாம் அவற்றின் அருகே வெகுநேரம் அமர்ந்திருப்பாராம்.

நூல் முழுவதிலும் நம் மனத்தில் ஆழப் பதிவது இந்தக் காட்சியே. பறக்காத இரண்டு விமானங்கள். அவற்றின் அருகே, பறக்க எவரும் இன்னும் அழைக்காத ஒருவர். கற்றல் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சான்றிதழும் இல்லை, பார்வையாளரும் இல்லை.

ஆனால் இதன்பின் நூலின் நடை மாறிவிடுகிறது. 1958இல் பட்டம் பெற்றவர் முன் இரண்டு கதவுகள். ஒன்று விமானப் படை. மற்றொன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககம். இரண்டுக்கும் நேர்காணல். டேராடூனில் இருபத்தைந்து பேர் வருகின்றனர்; எண்மருக்கே இடம்; இவர் ஒன்பதாமவர். அறிவைக் காட்டிலும் தோற்றத்தையும் பேச்சுத் திறனையுமே குழுவினர் தேடினார்களோ என்றொரு மெல்லிய வருத்தம் ஓரிடத்தில் தலைகாட்டி மறைகிறது. ஓரிரு பத்திகளில் எல்லாம் முடிந்து, மலைச்சரிவின் விளிம்பில் நின்று கீழேயுள்ள ஏரியைப் பார்க்கிறார். அங்கிருந்து ரிஷிகேசம். சுவாமி சிவானந்தர், விமானியாவது உனக்கு விதிக்கப்படவில்லை, எதுவாக வேண்டும் என்பது முன்பே குறிக்கப்பட்டுள்ளது, ஏற்றுக்கொண்டு நட என்ற பொருள்படக் கூறுகிறார். டெல்லிக்குத் திரும்பியவர் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்கிறார். கதை வேகமெடுத்துவிடுகிறது.

தோல்வியைவிட ஆறுதலுக்கே நூலில் இடம் மிகுதி. நூலாசிரியரை நாம் குறை கூற வரவில்லை; தம் துயரத்தை விரித்துரைக்காமை அவரது இயல்பான அடக்கம். குறை, அந்தப் பக்கத்தை நாம் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழா மேடைகளிலும், ஏன், நம் மறையுரைகளிலுங்கூட, "விமானி ஆகாததால்தான் விஞ்ஞானி ஆனார்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவ்வாறு சொல்லும்போது, எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இடையே நின்றுபோன ஓர் ஆசைக்கு, பின்னால் வந்த புகழ்தான் விலை என்று கணக்கு எழுதிவிடுகிறோம். அன்று அந்தக் குழுவில் தேறாமற்போனவர்கள் பதினேழு பேர். கலாமைத் தவிர மற்ற பதினாறு பேரும் விமானப் படைக்கு ஆசைப்பட்டு, ஏதோவொரு வகையில் தம்மை ஆயத்தம் செய்துகொண்டு வந்தவர்களே. நம் கணக்கில் அவர்களுடைய ஆயத்தத்துக்கு என்ன மதிப்பு? இளைஞரின் கேள்வி இந்த இடத்தையே தொட்டது.

இதே நிலையில் நின்ற வேறோர் எழுத்தாளரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்து 1981இல் க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்' வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த அந்த்வான் து செந்த்-எக்சுபெரிதான் அவர். கடற்படைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தவறியவர், 1921 ஏப்ரலில் கட்டாய இராணுவச் சேவைக்காக ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்த விமானப் படைப் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்தது விமானியாக அன்று, தரைப் பணியாளராக. விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் கீழிருந்து பார்ப்பதே அவர் பங்கு. சிவில் விமானி உரிமம் ஒன்றைப் பெற்றுவிட்டால் இராணுவப் பயிற்சிக்கு வழி திறக்கும் என்று அறிந்தவர், தம் செலவிலேயே, அதாவது தாயின் செலவிலேயே, தனியார் நிறுவனமொன்றில் பறக்கக் கற்றார். 1921 ஜூலை 9ஆம் நாள் முதன்முறையாகத் தனியே பறந்தார். இராணுவ விமானிக்குரிய உரிமம் அவ்வாண்டின் இறுதியில், மொராக்கோவில் பணியாற்றியபோதுதான் கிடைத்தது.

தாய்க்கு அவர் எழுதிய கடிதங்கள் அவர் மறைந்தபின், 1955இல் நூலாயின. பயிற்சிக் கட்டணத்துக்காகப் பணம் அனுப்பும்படி கேட்கும் மகனை அங்கே காண்கிறோம். கெஞ்சலும் அவசரமும் இளமைக்குரிய தன்னலமும் அதில் உண்டு. சோகராவின் வளையல்களோடு ஒப்பிட்டால் அக்குடும்பம் பெயரளவிலாவது உயர்குடி. எனினும் கணவரை இழந்து பல பிள்ளைகளை வளர்த்த தாய் அவர். பறப்பவர் வரலாறுகள் எல்லாவற்றிலும் தரையில் நின்று பணம் தேடிய ஒரு பெண் இருக்கிறார் என்று தோன்றுகிறது. திறனாய்வாளர்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

வியப்பு என்னவெனில், 1939இல் தம் வான் அனுபவங்களை நூலாக்கிய செந்த்-எக்சுபெரி, ஸ்ட்ராஸ்பூர்க் நாட்களைத் தொடவே இல்லை. 1926இல் துலூஸ் நகரில் லத்தேகோயேர் அஞ்சல் விமான நிறுவனத்தில் புதியவராகச் சேர்ந்ததிலிருந்து தொடங்குகிறார். ஆனால் அங்கும் அவர் தேர்ந்துகொண்டது ஒரு காத்திருப்பையே! முதல் அஞ்சல் பயணத்துக்கு முந்திய இரவு அது. தமக்கு முன்பே அவ்வழியில் பறந்து பழகிய நண்பர் கியோமேயிடம் செல்கிறார். கியோமே நிலப்படத்தை விரித்து ஸ்பெயின் நாட்டைக் கற்பிக்கிறார். மலைகளின் உயரம், நகரங்களின் மக்கள்தொகை என்றல்ல. குவாதிக்ஸ் அருகே வயலோரத்தில் மூன்று ஆரஞ்சு மரங்கள் உண்டு, கவனம். மோத்ரில் பக்கம் புல்லுக்கடியில் மறைந்து ஓர் ஓடை ஓடுகிறது, இறங்கினால் சக்கரம் சிக்கும். மலைச்சரிவில் முப்பது ஆடுகள் உண்டு, இறங்கும் நேரத்தில் குறுக்கே பாயும். எந்தப் பாடநூலும் குறிக்காத செய்திகள் இவை. பறப்பதற்கு முன் மண்ணை இவ்வளவு அன்போடு கற்பிக்கும் பக்கங்களை வேறெங்கும் நாம் படித்ததில்லை. மறுநாள் பயணத்தைவிட முந்திய இரவுக்கே நூலில் ஒளி அதிகம். கலாமின் நூலில் எம்.ஐ.டி. வளாகத்து இரண்டு விமானங்களுக்கு இத்தகைய பக்கங்கள் கிடைத்திருக்கலாகாதா என்பதே நம் ஆதங்கம்.

நம் நாட்டிலும் படைக்கு முன்பே பறந்தவர்கள் உண்டு. ஆகாகான் அறிவித்த பரிசுக்காக 1930இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறந்து வென்ற ஆஸ்பி எஞ்சினியருக்கு அப்போது வயது பதினேழு. எதிர்த்திசையில் பறந்துவந்த போட்டியாளர் ஜே.ஆர்.டி. டாடா, எகிப்தில் அவரைச் சந்தித்துத் தம்மிடமிருந்த உபரி ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்துதவினார். பரிசும் அவரிடமே தோற்றார். அவ்வெற்றி ஆஸ்பிக்கு விமானப் படைக் கதவைத் திறக்க உதவிற்று. 1960இல் அவரே இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார். இது பழைய செய்தி, பலரும் எழுதியாயிற்று. வென்றவர் கதை என்பதால்தான் எழுதினார்கள் என்று அந்த இளைஞர் சொல்லக்கூடும்.

அவருக்கு விடை தரக்கூடிய கதை மயிலின் பெயர் பெற்ற இவ்வூருக்கு வெகு தொலைவில் இல்லை. சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தில் அரசி விசயை கனவு காண்கிறாள். கனவின் பொருளால் தன் இறப்பு நெருங்கியதை மன்னன் சச்சந்தன் உணர்கிறான். விதியை மாற்ற முயலவில்லை; தச்சனை அழைத்து மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். கருவுற்ற அரசி அதை இயக்கப் பழகுகிறாள். வலப்புறம் திருக மேகம் வரை எழுகிறது. இடப்புறம் திருகத் தரையில் கால் ஊன்றி நிற்கிறது. கட்டியங்காரனின் படை அரண்மனையை வளைக்கும் நாள் எது என்று இருவரும் அறியார். அறியாத அந்நாளுக்காகக் கற்றல் மட்டும் நடைபெறுகிறது. நாள் வந்தபோது அரசன் களத்தில் மடிகிறான், அவள் பறக்கிறாள். பகைவனின் வெற்றி முரசம் கேட்டு மூர்ச்சையுற, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான்.

இப்பகுதியை மட்டும் எச். பவர் என்ற கிறித்தவ மறைப்பணியாளர் 1868இலேயே அச்சிட்டார். முழு நூலையும் 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், 1871இல் மாணவராக வந்து நின்றது இதே மாயூரத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டு வாயிலில். மகாவித்துவானின் நண்பரும் இவ்வூர் முன்சீபுமான வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையின் மகன் என்பது வாசகர் அறிந்ததே.

திருத்தக்கதேவர் சமண முனிவர். வினையின் வலிமையை அவரினும் உறுதியாகச் சொன்னவர் குறைவு. ஆயினும் அவர் காப்பியத்தில் விதியை அறிந்தவனே பொறியைச் செய்விக்கிறான். சிவானந்தரின் சொல் கலாமுக்கு அமைதி தந்தது உண்மை. ஆனால் 'விதித்ததை ஏற்றுக்கொள்' என்பதை 'கற்றது வீண். வேறு வழி பார்' என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்டது தேவர் அறியாத பொருள். விசயை கற்ற பறத்தல் அவளுக்கு அரசையும் மீட்கவில்லை, கணவனையும் மீட்கவில்லை. சுடுகாட்டில்தான் இறக்கிவிட்டது. எனினும் அதை வீண் என்று எந்த வாசகரும் சொல்லார்.

கலாமின் ஆசைகூட ரிஷிகேசத்தில் முடிந்துவிடவில்லை. நூல் வெளிவந்து ஏழாண்டுக்குப்பின், 2006 ஜூன் 8 அன்று, தம் எழுபத்து நான்காம் வயதில், புனேயிலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்து அரை மணிக்குச் சற்று மேலாகப் பறந்தார். குடியரசுத் தலைவருக்குரிய மரியாதை நிகழ்ச்சி என்று அதைச் செய்தித்தாள்கள் எழுதின. நமக்கு அது நூலின் விடுபட்ட அத்தியாயமாகவே படுகிறது. விஞ்ஞானியானதால் விமானியின் ஆசை ஈடாகிவிட்டது என்ற நம் மேடைக் கணக்கை, நாற்பத்தெட்டு ஆண்டுக்குப்பின் அவரே அந்த இருக்கையில் ஏறி அமர்ந்து திருத்தினார் எனலாம்.

அதே சுகோய் விமானங்கள் 2020 ஜனவரி முதல் தஞ்சை விமானப் படைத் தளத்தில் நிலைகொண்டுள்ளன. டெல்டா வானில் அவற்றின் முழக்கம் கேட்டு நாற்றங்காலில் நிற்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பது இப்போது பழகிப்போன காட்சி.

அந்த இளைஞரை மறுபடி சந்தித்தபோது விசயையின் கதையைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார், மறுமொழி கூறவில்லை. பறக்கும் பயிற்சிக்கு இலட்சக்கணக்கில் கட்டணம். தந்தைக்கு இருப்பது குத்தகை நிலம். ஆகவே மிதிவண்டியில் சுற்றி ஒரு குறிப்பேடு எழுதி வருவதாகச் சொல்லித் தயக்கத்தோடு காட்டினார். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் வரை காவிரியின் வளைவுகள், கோபுரங்கள், உயர் மின்கம்பிகள் குறுக்கிடும் இடங்கள். ஐப்பசியில் சம்பா வயல் சேறு, சக்கரம் புதையும். மாசியில் அறுவடை முடிந்த தரை இறுகியிருக்கும், ஆனால் வரப்புகள் நெருக்கம். உளுந்து விதைத்திருந்தால் மேலிருந்து பார்க்கையில் புல்வெளிபோல் ஏமாற்றும். கியோமேயைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு மதகு வரைந்து, அதனருகே பென்சிலால், "இங்கே மாலையில் ஆடுகள்" என்று எழுதியிருந்தார்.