வேங்கடமும் வழிப்போக்கரும்

தாய்நிலத்தை விட்டு வந்து வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறுவோர்க்கு முதல் ஆறுதலாய் அமைவது கோயில். திருப்பதிக்கும் சித்தூருக்கும் வேலை பற்றியோ வணிகம் பற்றியோ வந்துசேரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். தெலுங்கு எழுத்து இன்னும் கண்ணுக்குப் பழகியிராது. கடைக்காரர் சொல்லும் விலை பாதிதான் புரியும். ஆயினும் மலையேறி வரிசையில் நின்றுவிட்டால் முன்னே நிற்பவர் ‘கோவிந்தா’ என்கிறார், பின்னே நிற்பவரும் அதையே சொல்கிறார், நாமும் சொல்கிறோம். அப்பொழுது யாரும் நமக்கு அயலாராகத் தோன்றுவதில்லை. மலையிறங்கி வந்து வாடகைக்கு வீடு கேட்கும்போதுதான் ‘எந்த ஊர், என்ன குலம்’ என்னும் கேள்விகள் எழுகின்றன. ஒரே தெய்வத்தை வணங்குவதனாலேயே முன்பின் அறியாதவர் நமக்கு உறவினர் ஆகிவிடுவாரா? ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் முறையா? இவ்வினாவுக்கு நம் இலக்கியங்கள் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினாவை எழுப்புதற்கு வேங்கடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் குறித்தது இம்மலையையே. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதன் பகுதியாயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணி 1960இல் தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகவும் பிரிந்தது. எனவே இங்கே வாழும் தமிழருள் குடிபெயர்ந்து வந்தவரும் உண்டு. தாம் பெயராமலிருக்க எல்லைக்கோடு பெயர்ந்ததனால் அயலார் ஆனவரும் உண்டு. எல்லைக்கு இருபுறத்தாருக்கும் தெய்வம் ஒன்றே. உறவு ஒன்றா என்பதே வினா.

‘ஆம்’ என்பார் முதலில் எடுத்துக்காட்டக்கூடியது திருக்கோவலூர் இடைகழி. காஞ்சியில் தோன்றிய பொய்கையாரும், மல்லையில் தோன்றிய பூதத்தாரும், மயிலையில் தோன்றிய பேயாரும் ஒருவரையொருவர் அறியாதவர். ஒரு மழையிரவில் அவ்வூரில் ஒரு சிறிய இடைகழியில் ஒதுங்கினர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடம் பகிர்ந்துகொண்டனர். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை இருளில் உணர்ந்து, அவர் திருமாலே என்று தெளிந்து பாடினர் என்பது வைணவ மரபு. மூவருமே வேங்கடத்தைப் பாடியவர்கள். இக்கதையைச் சமய உறவுக்குச் சான்றாகக் கூறுவோர் அதன் வரிசைமுறையைக் கவனிப்பதில்லை. ஒரே தெய்வத்தின் அடியார் என்றறிந்த பிறகு அவர்கள் இடம் கொடுக்கவில்லை. மழையில் நனைந்து வந்தவருக்கு முதலில் இடம் கொடுத்தார்கள். தெய்வம் பிறகே வந்தது.

பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் கதை இன்னும் வலிய சான்று. திங்களூரில் வாழ்ந்த அவர் திருநாவுக்கரசரை நேரில் கண்டதே இல்லை. இருந்தும் தம் பிள்ளைகளுக்கும், அளவைகளுக்கும், தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே இட்டார். காணாத ஒருவரைச் சமயம் இவ்வளவு நெருங்கிய உறவாக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த அன்பு எவ்வடிவம் எடுத்தது என்பதைச் சேக்கிழார் வாயிலாகவே நோக்கவேண்டும். அது தண்ணீர்ப் பந்தலாயிற்று. பந்தலில் நீர் அருந்த வருவோரிடம் ‘நீர் எம் சமயத்தவரா’ என்று கேட்பார் இல்லை. நாவுக்கரசரே அங்கு வழிப்போக்கராகத்தான் வந்து சேர்ந்தார்.

அதே பெரியபுராணம் எச்சரிக்கை ஒன்றும் தருகிறது. சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடம் பூண்டு, சுவடிக் கட்டுக்குள் வாளை மறைத்து அரண்மனை புகுந்தான். வேடத்தை வணங்கிய அரசர் வாளுக்கு இரையானார். இதுவும் நிகழ்ந்தது திருக்கோவலூரிலேதான். ஓர் ஊர் இரு கதைகளையும் தாங்கி நிற்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. சமயச் சின்னம் உறவுக்கு அடையாளமாகலாம், உத்தரவாதம் ஆகாது. புதிய ஊரில் ‘நம்மவர்’ என்று நம்பிச் சீட்டுக் கட்டிப் பணத்தை இழந்தவர்க்கு முத்தநாதன் புராணப் பாத்திரம் மட்டும் அல்லன். ஆயினும் சேக்கிழார் கதையை அவநம்பிக்கையில் முடிக்கவில்லை. தம்மைக் குத்தியவனையும் தீங்கு நேராமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுமாறு தத்தனுக்கு ஆணையிட்ட பின்னரே அரசர் உயிர் துறக்கிறார். உறவு என்பது எதிரில் நிற்பவரின் தகுதியால் மட்டும் அமைவதன்று. நம் நடத்தையால் அமைவது.

திருமலையிலேயே வழங்கும் அனந்தாழ்வான் கதை குடியேறியவர் அனைவரும் படிக்கவேண்டிய பாடம். இராமானுசரின் ஆணையை ஏற்று, பெருமாளுக்குப் பூந்தோட்டம் அமைக்கத் திருமலையில் குடியேறியவர் அவர். ஏரி வெட்டும்போது கருவுற்றிருந்த மனைவி மண் சுமந்தார். அவர் படும் துன்பம் கண்டு அறியாத சிறுவன் ஒருவன் உதவிக்கு வந்தான். தம் தொண்டில் பிறர் பங்கு கொள்வதைப் பொறாத அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டது. பின்னர்க் கருவறையில் பெருமாளின் மோவாயில் குருதி வழிந்தது என்பர். மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தும் வழக்கத்துக்கு இதுவே காரணம் என்பது மரபு. அந்தக் கடப்பாரையைத் தலைவாயிலருகே இன்றும் காண்கிறோம். தெய்வத்துக்காகவே ஊர் பெயர்ந்து வந்த அடியாரும், தம் பக்தியின் மிகுதியாலேயே, உதவ வந்த அயலானைக் காயப்படுத்த முடிந்தது. பக்தி ஆழமாக இருந்தால் அயலார்மீது அன்பு தானே சுரந்துவிடும் என்று கருதுவோர் கோயிலுக்குள் நுழையுமுன் அக்கடப்பாரையை ஒருமுறை நோக்குவது நல்லது.

இனி, இவ்வினாவுக்கு நேரான விடையை இளங்கோவடிகளிடம் காண்கிறோம். கோவலனும் கண்ணகியும் தமிழிலக்கியம் மறவாத குடிபெயர்ந்தோர். புகாரில் அனைத்தையும் இழந்து மதுரையில் புதுவாழ்வு தேடிச் சென்றவர்கள். காடுகாண் காதையில் அவர்கள் எதிர்ப்படும் வழிப்போக்கன் மாங்காட்டு மறையோன். திருவரங்கத்தில் கிடந்த கோலத்தையும் வேங்கடத்தில் நின்ற கோலத்தையும் காணப் புறப்பட்டவன் அவன். கவுந்தியடிகளோ அருக சமயத் துறவி. வழி கேட்டபோது மறையோன் மூன்று வழிகளையும் விளக்கி, இடப்பக்க வழியில் உள்ள பொய்கைகளில் மூழ்கித் திருமாலை நினைத்தால் பெறும் பயன்களையும் விரித்துரைக்கிறான். கவுந்தியடிகள் அதை ஏற்கவில்லை. தம் சமயக் கொள்கையைச் சொல்லி, அப்பொய்கைகள் தமக்கு வேண்டியதில்லை என்று மறுக்கிறார். நீ விரும்பிய தெய்வத்தைத் தொழச் செல்க, நாங்கள் எம் வழியில் செல்கிறோம் என்பதே அவர் விடை.

மேலோட்டமாக நோக்கின் இது பிரிவாகவே தோன்றும். அடுத்து நிகழ்வதைப் பார்க்கவேண்டும். காட்டில் ஒரு தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்து கோவலனை மயக்க முயல்கிறது. அவன் தப்புவது எதனால்? அவ்வழியில் மயக்கும் தெய்வம் உண்டென்று அந்த மறையோன் முன்பே உரைத்திருந்ததனால். அவனுடைய பொய்கையை ஏற்காதவர்க்கும் அவனுடைய எச்சரிக்கை பயன்பட்டது. அவனும் தன் சமயத்தை ஏற்றால்தான் வழி சொல்வேன் என்று கூறவில்லை. கொள்கையில் ஒன்றாமலே உண்மையை மறைக்காமல் உரைப்பதும், மறுத்தவர்க்கும் நலம் விரும்புவதும் ஓர் உறவே.

இந்த உறவு முழுமை பெறுவது ஆயர்குல முதியவள் மாதரியிடம். அவள் குலத்தார் கண்ணனை ஏத்திக் குரவை ஆடுபவர். கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்த கண்ணகியை ஏற்றவுடன், வந்தவர்கள் சாவக நோன்பினர் என்பதற்காகப் புதிய கலங்களும் காய்களும் அரிசியும் தரப்படுகின்றன. விருந்தினரைத் தம் வழக்கத்துக்கு மாற்றாமல், அவர்தம் வழக்கத்தை அவர் காத்துக்கொள்ள இடம் செய்து தருகிறாள். அங்கே மாதரியின் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனாராக வைத்துப் பேசும் சொல் ஒன்றும் வருகிறது. சமயம் வேறு, குலம் வேறு, முறைப்பெயரோ வந்துவிட்டது. கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீப்புகுந்தாள் எனக் காப்பியம் கூறும். இதனினும் நெருங்கிய உறவு ஏது?

இலக்கியத்தில் கண்டதை இம்மண்ணின் வாழ்விலும் காண்கிறோம். திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இளமையில் கல்வி கற்றது திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில். பிற்காலத்தில் இந்து மெய்யியலை உலகுக்கு விளக்கிய அவர்க்கு வேங்கடத்தின் அடிவாரத்தில் பாடம் சொன்னது வேற்றுச் சமயத்தார் நடத்திய பள்ளியே. சித்தூர்க் குடும்பங்கள் நோய் முற்றினால் நாடிச் செல்வது வேலூர்க் கிறித்தவ மருத்துவமனை. அங்கே படுக்கைக்கருகில் விழித்திருக்கும் செவிலியின் சமயத்தை எவரும் கேட்பதில்லை.

மறுபுறம், மறக்க இயலாத நாள் ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள், சேசாசலக் காட்டில், திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்டியவர் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன. அதன் வழக்காய்வு இங்கே நம் பொருளன்று. நாம் கேட்கவேண்டியது நம்மைப் பற்றியே. சேசாசலம் என்பது திருமலையை உள்ளிட்ட மலைத்தொடர். அன்றும் ஆயிரக்கணக்கானோர் அம்மலையேறிக் கோவிந்தனை அழைத்தோம். இறந்தவர் நம் மொழியினர் என்பதற்காக மட்டும் வருந்தியவர் உண்டு. வேற்று மாநிலத்தார் என்பதனால் வருந்தாதவரும் உண்டு. கூலிக்காகக் காடு ஏறிய ஏழைகள் என்பதற்காக வருந்தியவர் எத்தனை பேர்? ஒரே தெய்வமும் ஒரே மலையும் அந்த வருத்தத்தைத் தாமாகத் தந்துவிடவில்லை.

அவ்வாறாயின் சமய ஒற்றுமை பயனற்றதா? அன்று. மார்கழி விடியலில் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. ஆண்டாளின் தமிழைத் தெலுங்கர் செவிமடுக்கின்றனர். அன்னமாசாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளை மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடினார், அவருக்குத் திருப்பதி சிலை எடுத்தது. சமயம் இங்கே முதற்சொல்லை எளிதாக்கியது உண்மையே. எனினும் அம்முதற்சொல்லுக்குப் பின் ஒருவர் மற்றவர் மொழியைக் கற்கும் உழைப்பும் வேண்டியிருந்தது. வாயில் திறந்திருப்பது வேறு. உள்ளே அழைத்து அமர்த்துவது வேறு.

ஆகவே, ஒரே சமயத்தார் என்பதனால் அயலார்மீது உறவு தோன்றவேண்டும் என்று கட்டளையிடுவதும் பொருந்தாது; தோன்றினால் பேதைமை என்று நகைப்பதும் பொருந்தாது. அது விதை, விளைச்சல் அன்று. சமயத்தின் பெயரால் நாம் பிறரிடம் உறவு உரிமை கோருவதைக் குறைத்து, மனிதரென்னும் பெயரால் நாம் செய்யவேண்டிய கடனைக் கூட்டினால் கணக்கு நேராகும். நம் சங்கங்களில் பெருமாளை வணங்குவோரும், சிவனை வணங்குவோரும், இசுலாமியரும், கிறித்தவரும் உளர். நாளை பேருந்து நிலையத்தில் பெட்டியோடு வந்திறங்கும் குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தேடுவதும் நம் பணி. அவர்கள் எத்தெய்வத்தை வணங்குவார் என்பதை அடுத்த மாதம் அறிந்துகொள்ளலாம். மாதரியும் முதலில் கொடுத்தது கலமும் அரிசியுமே.