‘அறியப்படாத’ பள்ளத்தாக்கில் ஒரு பூசணித் தோட்டம்

‘கண்டுபிடிப்பு’ ஆற்றில் நிகழ்வதைவிடக் காகிதத்தில்தான் அதிகம் நிகழ்கிறது என்று எனக்குப் படுகிறது. ஜான் வெஸ்லி பவல் 1875இல் வெளியிட்ட கொலராடோ ஆற்றுப் பயண அறிக்கையை வீரசாகசமாக வாசிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24இல் ஒன்பது பேரோடும் நான்கு படகுகளோடும் வயோமிங்கிலிருந்து கிளம்பி, ஆகஸ்ட் இறுதியில் கிராண்ட் கேன்யனைக் கடந்து வெளியே வருகிறார். சாகசம்தான், யார் மறுத்தது? அது எப்படிப் பிரதியாக்கப்பட்டது என்பதே என் கேள்வி.

பிரதி நாட்குறிப்பாக, நிகழ்காலத்தில் ஓடுகிறது. அன்றன்றைக்கு எழுதியது போல ஒரு பாவனை. ஆனால் 1871-72இல் நடந்த இரண்டாம் பயணத்தின் அனுபவங்களும் 1869க்குள் செருகப்பட்டிருக்கின்றன. அந்தப் பயணத்தில் துடுப்புப் போட்டவர்களோ ஆற்றுப் பயண விவரணையில் இல்லை. உழைப்பு உள்ளே வருகிறது, உழைத்தவன் வெளியே நிற்கிறான்.

ஆகஸ்ட் 13. ‘அறியப்படாத’ பெருவெளிக்குள் இறங்கப்போவதாகப் பிரதி அறிவிக்கிறது. பதின்மூன்று நாள் கழித்து, பசியில் வாடும் குழுவின் கண்ணில் கரையோரமாக ஒரு தோட்டம் படுகிறது. பூர்வகுடிகள் போட்ட சோளம், பூசணி. பூசணிக்காய்களைத் தூக்கிக்கொண்டு படகில் பறக்கிறார்கள். திருட்டுதான் என்று பவலே ஒத்துக்கொள்கிறார். சரி, அறியப்படாத இடத்தில் பூசணி நட்டது யார்? யாருக்கு அறியப்படாதது? கேள்வியைத் தானே எழுப்பிவிட்டுப் பதில் சொல்லாமல் நழுவுகிறது பிரதி. தோட்டக்காரர் முகம் காட்டுவதேயில்லை.

ஆகஸ்ட் 28இல் ஹவ்லண்ட் சகோதரர்கள் இருவரும் டன்னும், இனி ஆற்றில் வரமாட்டோம் என்று மலையேறிப் போனார்கள். கொல்லப்பட்டார்கள். 1870இல் ஷிவ்விட்ஸ் பையூட் மக்கள் அக்கொலைக்குப் பொறுப்பேற்றதாகப் பவல் எழுதுகிறார். அந்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் ஜேக்கப் ஹாம்ப்ளின் என்ற மார்மன். கொன்றவர்கள் மார்மன் குடியேறிகளாக இருக்கலாம் என்ற வாதம் பின்னாளில் எழுந்தது. தோட்டத்தில் குரலில்லாமல் இருந்தவர்களுக்குப் பிரதி கடைசியில் குரல் தருகிறது, கொலைப்பழியை ஏற்கும் குரலாக. அதுவும் இன்னொருவர் வாய் வழியே.

மாற்றுப் பிரதிகள் இல்லாமலில்லை. உடன்போன பிராட்லி ரகசியமாக எழுதிய நாட்குறிப்பில் சோற்றுக் கஷ்டமும் பவல் மீதான முணுமுணுப்பும் இருக்கின்றன. அது 1947இல்தான் அச்சேறியது. அதுவரை தலைவரின் பிரதியே வரலாறாக உலவியது. தென்விளிம்பில் பவலுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில், பிரிந்துபோன மூவரின் பெயரைப் பொறிக்கவில்லை. ‘ஓடிப்போனவர்கள்’ அல்லவா! அவர்கள் பிரிந்த இடத்தில் 1939இல் ஒரு தகடு பதித்தார்கள்.

விடுபட்ட பெயர்களைச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பட்டியல் நீளும், அவ்வளவுதான். படகில் வந்தவனைத் தொடக்கமாக வைத்து எழுதும் வரை, கரையில் விதை போட்டவர் வரலாற்றுக்கு முந்தியவராகவே இருப்பார். இந்தப் பிரதியை ஆகஸ்ட் 26இலிருந்து வாசிக்கத் தொடங்குவதே என் சிபாரிசு.