வாயாடிக்கு ஒரு நாற்காலி

'இந்தியாஸ் காட் லேட்டன்ட்' யூடியூப் நிகழ்ச்சியைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்தவற்றில் பெரும்பகுதி ஓர் ஆண் கேட்ட கேள்வியைப் பற்றியது. 2025 பிப்ரவரியில் வெளியான அத்தியாயத்தில் ரன்வீர் அல்லாபாடியா ஒரு போட்டியாளரிடம் பெற்றோரின் படுக்கையறையை வைத்துக் கேட்ட கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே மேசையில் நான்கு ஆண்களோடு உட்கார்ந்திருந்த ஒரே பெண் அபூர்வா முகிஜா. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

சமய் ரெய்னா 2024 ஜூனில் தொடங்கிய நிகழ்ச்சி அது. போட்டியாளர் ஏதாவது செய்துகாட்டி, தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வார். நடுவர்களின் சராசரியோடு அது ஒத்துப்போனால் வெற்றி. இதெல்லாம் பெயருக்கு. உண்மையான ஆட்டம் நடுவர் மேசையில் நடந்தது: யார் யாரை எவ்வளவு மோசமாகக் கிண்டலடிப்பது, யார் குரல் யார் குரலை அமுக்குவது. அந்தக் கூச்சலுக்கு நடுவே அவ்வப்போது ஒரு பெண் தேவைப்பட்டார். அடக்கமான பெண் அல்ல. ராக்கி சாவந்த், உர்ஃபி ஜாவேத், அபூர்வா என வாய்க்குப் பேர்போனவர்களாகப் பார்த்து அழைத்தார்கள். உர்ஃபி படப்பிடிப்பின் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். போட்டியாளர்கள் தன்னை இழிவாகப் பேசியதாக அவரே எழுதினார். நிகழ்ச்சி நிற்கவில்லை. அபூர்வா எழுந்து போகவில்லை, திருப்பிப் பேசினார்.

பேச்சு மேடையில் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த விழா மேடைகளில் வளர்ந்த பட்டிமன்றத்தில் பெண், பேச்சாளராக வந்ததைவிடத் தலைப்பாக வந்ததே அதிகம். கைகேயி குற்றவாளியா, சீதையா கண்ணகியா என்று வழக்காடி முடிக்க நமக்கு அலுக்கவே இல்லை. பிறகு தொலைக்காட்சி வந்தது. சன் தொலைக்காட்சியின் பண்டிகைப் பட்டிமன்றங்களில் சாலமன் பாப்பையாவின் ஒரு பக்கம் ராஜாவும் மறுபக்கம் பாரதி பாஸ்கரும் இருப்பார்கள். பாரதி பாஸ்கரின் சமயோசிதத்தை நான் ரசிப்பவள். மனைவியைக் கிண்டலடித்து வாங்கிய கைத்தட்டலை அதே சமையலறையை வைத்தே அவர் திருப்பி வாங்கிக்கொள்வார். ஆனால் அந்த மேடையின் நிபந்தனை எழுதாமலே இருக்கிறது: பெண்ணின் கோபம் சிரிப்பில் பொதிந்து வர வேண்டும், மணி அடிப்பதற்குள் ஆறிவிட வேண்டும்.

இன்னும் பின்னே போனால் மணிமேகலை. இளம்பெண் என்பதால் சமயவாதிகள் உனக்குத் தம் கொள்கையைச் சொல்லமாட்டார்கள் என்று தெய்வம் அவளிடம் முன்கூட்டியே சொல்லி, உருமாறும் மந்திரத்தையும் கொடுத்துவிடுகிறது. வஞ்சியில் அவள் ஆண் துறவி வடிவத்தில்தான் அவர்களிடம் போய்க் கேள்வி கேட்கிறாள். இந்தக் காதையை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், வாதம் நடக்கும் இடத்தின் வாசலில் நம் காப்பியம் வைத்த நுழைவுச்சீட்டு இதுதான் என்று.

அபூர்வாவும் ஒரு வடிவம் எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன். அது பையன்களின் மொழி. ஒரு போட்டியாளரை மடக்க அவருடைய தாயின் உடலை இழுத்தார். அவர்தான் முதலில் தன்னிடம் ஆபாசமாகப் பேசினார் என்று அபூர்வா பின்னர் விளக்கினார். கோபம் நியாயமானதே. அந்தச் சொல்லை விடுதலை என்று என்னால் கொண்டாட முடியாது. இரண்டு ஆண்களுக்கு நடுவே சண்டை வந்தால் அங்கில்லாத ஒரு பெண்ணின் உறுப்பைச் சொல்லி முடிப்பது நம் தெருவின் பழக்கம். தெரிந்த எல்லா மொழிகளிலும் அதற்குச் சொல் இருக்கிறது. அந்தக் கத்தியைப் பெண் எடுத்து வீசினாலும் அது போய்க் குத்துவது இன்னொரு பெண்ணைத்தான்.

இரண்டாமாண்டு வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவனுங்க பேசினா காமெடி, அவங்க பேசினா மட்டும் அசிங்கமா மேடம்?" பக்கத்திலிருந்தவள், "நான் அப்படிப் பேச மாட்டேன். ஆனா அவங்களத் திட்டவும் மாட்டேன்" என்றாள். என் இத்தனை பத்திகளையும்விட அது தெளிவாக இருந்தது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். அசாம் காவல்துறையின் வழக்கில் மேசையிலிருந்த ஐவரின் பெயரும் இருந்தது. தேசிய மகளிர் ஆணையத்திடம் மார்ச்சில் ரன்வீரும் அபூர்வாவும் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டார்கள். காகிதத்தில் சமத்துவம். வெளியே அப்படி இல்லை. ரன்வீருக்கும் கொலை மிரட்டல் வந்தது, மறுக்கவில்லை. இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் நீக்கியிருந்த அபூர்வா ஏப்ரலில் திரும்பி வந்து, தனக்கு வந்தவற்றைப் படமெடுத்து வெளியிட்டார். வல்லுறவு செய்வோம், முகத்தில் அமிலம் வீசுவோம் என்று பக்கம் பக்கமாக. ஒரு தாயின் உடலை அவமதித்துவிட்டாள் என்று கொதித்தவர்கள் அந்தக் கொதிப்பைத் தணித்துக்கொள்ளக் கண்ட இடமும் ஒரு பெண்ணுடல்தான். வசைக்கும் மிரட்டலுக்கும் ஒரே அகராதி. பண்பாடு பற்றிப் பாடமெடுத்த எத்தனை பேர் இந்த அகராதியைக் குறித்து ஒரு வரி எழுதினார்கள்?

சந்தைக்கு இதில் நட்டமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டு அமேசான் பிரைமின் 'தி டிரெய்டர்ஸ்' நிகழ்ச்சிக்கு உர்ஃபி, அபூர்வா இருவரையும் அழைத்தார்கள். உர்ஃபி நிகிதா லூதரோடு சேர்ந்து வென்றார். வாயாடிக்கு விலை இருக்கிறது. வேறு மேசை, அதே நாற்காலி. அவர்கள் சம்பாதிப்பதில் எனக்கு வருத்தமில்லை. நாற்காலியைப் போட்டவர் யார், விளக்கை அணைப்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

சமய் ரெய்னா பிப்ரவரி 12 அன்று அத்தனை அத்தியாயங்களையும் யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார். துணுக்குகள் போகவில்லை. என் மாணவிகளின் கைபேசிகளில் கிடைத்த நான்கைந்தை ஒருநாள் சேர்ந்து பார்த்தோம், அந்தப் போட்டியாளர் முதலில் என்னதான் சொன்னார் என்று தெரிந்துகொள்ள. எல்லாத் துணுக்குகளும் அபூர்வா வாய் திறக்கும் இடத்திலிருந்துதான் தொடங்கின.