தேய்ந்த பூட்டின் பழக்கம்

பழைய பிக்கப் வண்டிகளின் சாவித்துவாரம் எல்லோருக்கும் இடங்கொடுக்காது. சாவியை முழுக்க நுழைத்து, ஒரு நூலளவு பின்னுக்கு இழுத்து, லேசாக மேலே தூக்கித் திருப்பினால்தான் செல்ஃப் எடுக்கும். அந்தப் பக்குவம் ஓட்டுகிறவரின் கைக்கு மட்டுமே தெரியும்.

உள்ளே இருப்பவை வில்வைத்த சின்னப் பித்தளைத் தகடுகள். சாவியின் பற்கள் அவற்றை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் உருளை சுழலும். வருஷக்கணக்கில் உரசி உரசித் தகடும் தேய்கிறது, சாவியும் தேய்கிறது. முற்றிப்போனால், ஓடும் வண்டியிலிருந்தே சாவியை உருவிவிடலாம்!

தேய்ந்த உருளையை மாற்றுகிற வேலை பார்க்க அழகு. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பிரிப்பார் மெக்கானிக். பல வண்டிகளில் சாவியை ஒரு படி திருப்பி, பக்கத்துத் துளையில் மெல்லிய கம்பியை விட்டு அழுத்தினால் போதும். சாவியைப் பிடித்து இழுக்க, உருளை முழுசாகக் கையோடு வந்துவிடும். ஆனால் சாவி திரும்புகிற காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். அடியோடு இறுகிவிட்டால் டிரில்லிங் மெஷின்தான் கதி.

புது உருளை ‘டிக்’கென்று உட்காரும். இனி கதவுக்கு ஒரு சாவி, வண்டிக்கு ஒரு சாவி. யார் திருப்பினாலும் செல்ஃப் எடுக்கும். ஓட்டுநரின் விரல்கள் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் சாவியை லேசாக மேலே தூக்கிக்கொண்டிருக்கும்.