வலியை மறைக்காத வழிபாடு

செஞ்சி வட்டாரத்துப் பனமலைக் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயிலை எழுப்பியவன் இராசசிம்ம பல்லவன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அவன் எடுப்பித்ததுதான். குடை நிழலில் ஒரு காலை மடித்து நிற்கும் தேவியின் ஓவியத்தைப் பார்க்கவே பனமலைக்கு வருவோர் உண்டு. ஆனால் இக்கோயில் கல்லில் எழுவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே இப்பகுதியில் பக்தி பாட்டில் எழுந்துவிட்டது. அந்தப் பாட்டு ஒரு நோயாளியின் முறையீடு.

துன்பத்தை எதிர்கொள்ள, இப்பகுதியை உள்ளடக்கிய நடுநாடு இரண்டு வழிகளை அறிந்திருந்தது. ஒன்று சமண வழி. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை அங்குள்ள பழங்கல்வெட்டு சொல்கிறது. யாரிடமும் எதையும் கேளாமல் தாங்கிக்கொள்ளும் நெறி அது. அதன் உறுதி வணக்கத்துக்குரியது. மற்றொன்று, வாய்விட்டுச் சொல்லும் வழி.

முதல் வழியில் நடந்து இரண்டாம் வழிக்கு வந்தவர் அப்பர் என்னும் திருநாவுக்கரசர். திருவாமூரில் பிறந்து, சமணத்தில் தருமசேனராகச் சிறந்திருந்தவரைச் சூலைநோய் பற்றியது. தமக்கை திலகவதியாரிடம் திரும்பினார். அவர் திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார் என்கிறது பெரியபுராணம். அங்கே திருநாவுக்கரசர் பாடிய முதல் பதிகத்தில் நோய் வயிற்றுக்குள் எப்படிக் குடலை முறுக்குகிறது என்ற விவரமே முன்னால் நிற்கிறது. தத்துவப் பூச்சு ஏதும் இல்லை. தாங்க முடியவில்லை என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை.

சுந்தரர் வழி வேறு. திருநாவலூரில் பிறந்த அவர் இறைவனுக்குத் தோழர். உரிமையோடு சண்டை போடுபவர். திருவொற்றியூரைப் பிரியேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் பார்வையை இழந்தார். வெண்பாக்கத்தில் முறையிட்டபோது கிடைத்தது ஓர் ஊன்றுகோல்தான். பிறகு காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். தவறு தன் பேரில் என்று ஒப்புக்கொண்டே, இப்படிச் செய்யலாமா என்று கடவுளையும் அவர் கேட்டார்.

இவர்களுக்கும் முந்தியவர் காரைக்காலம்மையார். துன்பம் எப்போது தீரும் என்று கேட்டுத்தான் அற்புதத் திருவந்தாதியைத் தொடங்குகிறார். அடுத்த பாட்டிலேயே, தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும் என் அன்பு மாறாது என்று உறுதி சொல்கிறார். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாடல்களிலும் கேட்பது ஒன்றே: என்னைக் கைவிட்டுவிடாதே. வைணவத்தில் குலசேகராழ்வார், அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைத் தமக்கு உவமையாக்கினார். விவிலியத்தின் சங்கீதங்களிலும் முறையீடுகள் ஏராளம்.

இந்த மரபு ஏடுகளோடு நின்றுவிடவில்லை. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இன்றும் பிராது கட்டுகிறார்கள். தன் ஊர், பேர், குறை எல்லாவற்றையும் மனுவாக எழுதி, முருகன் சந்நிதியில் வைத்து வணங்கி, முனியப்பர் முன்னுள்ள வேலில் கட்டுவது வழக்கம். குறை தீர்ந்ததும் மறுபடி வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். பொதுப்படையாக ‘நல்லா வை சாமி’ என்று சொன்னால் அங்கே போதாது; என்ன குறை என்று எழுத வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வேண்டுதலுக்கு மூன்று இலக்கணம் கிடைக்கிறது. வலியை வலி என்றே சொல்ல வேண்டும், அப்பர் சொன்னார். தன் பிழையையும் மறைக்கக் கூடாது, சுந்தரர் மறைக்கவில்லை. பதில் தாமதித்தாலும் வாசலை விட்டுப் போகக் கூடாது, அம்மையார் போகவில்லை. இனிய குரலும் பிழையில்லாத உச்சரிப்பும் இவற்றுக்குப் பின்னால்தான்.

அப்பருக்கு நோய் உடனே தீர்ந்தது. நம்மில் பலருக்கு வாய்ப்பது சுந்தரரின் அனுபவம்: முதலில் ஊன்றுகோல், கண் பிறகு. ஆறுதல் என்பது பெரும்பாலும் அந்தக் கோல்தான். இருட்டு அப்படியே இருக்கும், ஆனால் அடுத்த ஊர்வரை நடக்க முடியும். அதை அற்பமென்று தள்ளியிருந்தால் சுந்தரர் காஞ்சிக்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சந்நிதியில் யாராவது வாய்விட்டு அழுதாலோ, உனக்குக் கண்ணில்லையா என்று சாமியை ஏசினாலோ, ‘எல்லாம் விதி, பேசாமல் கும்பிடுங்கள்’ என்று அடக்காதீர்கள். அவர் மரபை மீறவில்லை. திருவதிகையில் அப்பர் காட்டிய மரபைத்தான் கடைப்பிடிக்கிறார்.