பெங்களூர்த் திட்டமும் தமிழ் மாணவரின் ஆங்கில இலக்கணமும்

பள்ளியில் இலக்கணம் கற்பிக்காமலே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்போர் பெரும்பாலும் என். எஸ். பிரபுவின் பெங்களூர்த் திட்டத்தைச் சான்று காட்டுவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடைபெற்ற அத்திட்டம், இலக்கண அமைப்புகளை வரிசைப்படுத்திய பாடத்திட்டத்தை விடுத்து, கால அட்டவணை, வரைபடம் முதலியவற்றை ஒட்டிய செயல்பணிகளால் வகுப்பை நடத்தியது. பிரபு இலக்கணத்தை மறுத்தவர் அல்லர். பொருளில் கவனம் ஊன்றும்போது இலக்கணம் தன்னுணர்வின்றியே மாணவர் மனத்தில் உருவாகும் என்பதே அவர் கருதுகோள். மேற்கோள் காட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனினும் இக்கருதுகோள் தமிழ் மாணவரிடம் ஓரிடத்தில் இடறுகிறது. வண்டி எப்போது புறப்படும் என்னும் வினாவிற்கு 'டிரெய்ன் லீவ் சிக்ஸ் ஓ கிளாக்' என விடையிறுக்கும் மாணவர் செயல்பணியில் வென்றுவிடுகிறார். 'த' என்னும் ஆர்ட்டிக்கிளும், 'அட்' என்னும் முன்னிடைச்சொல்லும், வினையீற்று 'ஸ்' ஒலியும் விடுபட்டமை பொருளைச் சிதைக்கவில்லை. ஆதலின் அவை கவனத்திற்கு வருவதுமில்லை. பெரெட்டா, டேவிஸ் இருவரும் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு பொதுவாகத் திட்டத்திற்குச் சாதகமானதே. ஆயினும் அமைப்புத் தேர்வில் மரபுவழி வகுப்பினரே முந்தினர்.

இவ்விடத்தில் மாணவரின் தாய்மொழி இலக்கணம் துணை நிற்கும். 'புத்தகம் வாங்கினான்', 'புத்தகத்தை வாங்கினான்' என்பவற்றின் வேறுபாட்டை அவர் பேச்சிலேயே அறிவார். இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் விரிந்தும் வரும் இவ்விடத்திலிருந்து 'அ', 'த' வேறுபாட்டிற்குச் செல்லலாம். (உயர்திணைப் பெயர்களில் உருபு பெரும்பாலும் விரிந்தே வருதலின் இவ்வழி அங்கு முழுதும் பொருந்தாது.) ஆனால் தமிழ் வகுப்பில் வேற்றுமை பயின்ற மாணவரிடம் ஆங்கில ஆசிரியர் அதுபற்றி வினவுவது அரிது.